கமாட் பவுடரும் ஆறு மணிக் காய்ச்சலும்

சிகாமட் டவுனில் சபாபதியிடம் முடி வெட்டிக்கொள்ளாத ஆண்பிள்ளை ஒருவன் இருக்கிறான் என்றால், ஒன்று அவன் வழுக்கையாக இருக்க வேண்டும், இல்லை சபாபதியோடு சண்டை போட்டவனாக இருக்க வேண்டும். சொல்லப் போனால் வழுக்கைக்காரர்களும் வருவார்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, கழுத்தை இந்தப் பக்கம் ஒரு நெட்டி, அந்தப் பக்கம் ஒரு நெட்டி முறித்து அனுப்பி வைப்பார். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாருக்கும் அவர் ‘பாஸ்’தான். கடையில் மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார். வேலைக்கு ஆள்தான் கிடையாது. வைத்துப் பார்த்தார், யாரும் ஒரு வாரம் தாங்கவில்லை. அடுத்தவன் சவரக்கத்தி பிடிக்கிற அழகைப் பார்த்தாலே அவருக்கு உடம்பெல்லாம் எரியும். “டேய், முகத்தை வழிக்கச் சொன்னா புல்லா வெட்டுற?” என்று வாடிக்கையாளர் முன்னாலேயே கத்திவிடுவார். அப்புறம் எவன் இருப்பான்?

அந்தக் கர்வத்துக்கு நியாயமும் இருந்தது. பத்தொன்பது வயதில் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து கத்தரி பிடித்த மனுஷன். சொந்தக் கடை, கஸ்தூரி மாதிரி ஒரு மனைவி, மலாக்காவில் காலேஜ் படிக்கிற மகள், எல்லாம் அந்த வலது கையில் வந்தவை. கை ஓடிக்கொண்டே இருக்கும்; அதைவிட வேகமாக வாய் ஓடும்.

அப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் ஒரு நாள் சாயங்காலம் காய்ச்சல் வந்தது.

சாதாரணக் காய்ச்சல் என்றால் யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்? இது ஆபீஸ் நேரம் பார்த்து வருகிற காய்ச்சல். ஆறு மணி ஆனதும் குளிர் ஆரம்பிக்கும், பல் கிட்டிக்கும், மேல் அனலாய்க் கொதிக்கும். நெஞ்சிலும் புஜத்திலும் வேர்க்குரு மாதிரி மெல்லிசாகச் சிவப்பு தடிக்கும். விடிந்தால் ஒன்றும் இருக்காது. மனுஷன் குளித்து, பட்டை போட்டு, கடைக்குக் கிளம்பிவிடுவார். மறுபடி ஆறு மணிக்கு ஆஜர்.

“டெங்கிங்க, சந்தேகமே வேணாம்,” என்றாள் கஸ்தூரி. அவள் பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை. டெங்கி, கை கால் வாய் நோய், தலைப் பேன் எல்லாவற்றையும் வருஷா வருஷம் பார்க்கிறவள். பப்பாளி இலையை இடித்துச் சாறு கொடுத்தாள். அது வாயில் வைக்க முடியாத கசப்பு. சபாபதி குடித்துவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். டெங்கி இல்லை, டைபாய்டு இல்லை. காலையில் போய் நம்பர் எடுத்து உட்கார்ந்தால், டாக்டர் பார்க்கிற நேரத்துக்குக் காய்ச்சலும் இருக்காது, சிவப்பும் இருக்காது. “நேத்து ராத்திரி பாத்திருக்கணும் டாக்டர்,” என்று சொல்லிச் சொல்லி அவருக்கே தான் பொய் சொல்கிறோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

பிறகு வலது மணிக்கட்டு வீங்கியது. அதற்குப் பிறகுதான் உண்மையான பயம்.

ஒரு சாயங்காலம் சீனப் பெரியவர் ஒருவருக்குத் தாடையின் கீழே வழித்துக்கொண்டிருந்தபோது, மணிக்கட்டில் சுருக்கென்று ஒரு குத்து. கத்தி சறுக்கியது. பெரியவர் துண்டால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, பரவாயில்லை என்று முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுக் காசையும் வைத்துவிட்டுப் போனார். சபாபதி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடைக்குப் பின்னால் கை கழுவுகிற இடத்தில் நின்று அழுதார். கஸ்தூரியைக் கல்யாணம் பண்ணி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அழுது அவளே பார்த்ததில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, உடம்பில் ஒன்று விடாமல் பார்த்தார்கள். கிருமி இல்லை, புற்று இல்லை. ரத்தத்தில் ஃபெரிட்டின் என்று ஏதோ ஒன்று மலை போல ஏறியிருக்கிறது என்றார்கள். அது இரும்புச் சத்து சம்பந்தப்பட்டது என்று கஸ்தூரியின் காதில் விழுந்ததுதான் தாமதம், வீட்டில் முருங்கைக் கீரைக்குத் தடை, பேரீச்சம்பழத்துக்குத் தடை, தோசைக்கல்லைக்கூட எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள். டாக்டர் ரூபினி, ஜோகூர் பாருவிலிருந்து வந்து பார்க்கிற மூட்டு நோய் நிபுணர், அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, இரும்பு கூடியதால் வந்த வியாதி இல்லை, உடம்பு அழற்சியில் கொதிப்பதால் அந்த அளவு ஏறியிருக்கிறது, தோசை சாப்பிடலாம் என்று விளக்கினார். வியாதிக்கு ஸ்டில்ஸ் டிசீஸ் என்று பெயர், பெரியவர்களுக்கு அபூர்வமாக வரும், இப்படியே விட்டால் மணிக்கட்டு எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கை மடங்காது என்றார். அதற்கு மாத்திரை எழுதினார். “இது ஸ்டீராய்டு. இப்போதைக்கு இதான் காய்ச்சல அடக்கும். நீங்களா நிறுத்தக் கூடாது,” என்றார்.

ஸ்டீராய்டு என்ற சொல்லுக்குப் பிறகு சபாபதி எதையுமே கேட்கவில்லை.

முடிவெட்டும் கடைக்காரருக்குத் தெரியாத வியாதி உண்டா? இருபது வருஷமாக எத்தனை பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கதை சொல்லியிருக்கிறார்கள்! ஸ்டீராய்டு சாப்பிட்டவனுக்கு எலும்பு மாவாகப் போனது, கிட்னி போனது, சர்க்கரை வந்தது என்று ஒருவர் விடாமல் சொல்லியிருந்தார்கள். மாத்திரைப் பொட்டலத்தை அவர் கடை மேசையின் கீழ் இழுப்பறையில், பழைய சீப்புகளுக்கு அடியில் போட்டு மூடினார். கஸ்தூரியிடம் சாப்பிடுகிறேன் என்றார். அவள் நம்பினாள்.

அந்த நேரம் பார்த்து வந்தான் சுகுமாறன். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. வாரத்தில் நான்கு நாள் வெவ்வேறு ஊர்ப் பசார் மாலாமில், இரவுச் சந்தையில், கடை விரித்துத் தைலம், பவுடர், வேர் எல்லாம் விற்பவன். ஏமாற்றுக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். தான் விற்கிற பவுடரைத் தானே மூட்டு வலிக்குச் சாப்பிடுகிறவன். அவ்வளவு நம்பிக்கை.

“அலமாக்! கையப் பாருடா, இட்லி மாதிரி ஆயிருக்கு,” என்று பதறினான். “அந்த இங்கிலீஷ் மருந்துகிட்ட போயிடாத. இது கமாட் பவுடர். எல்லாம் இயற்கை லா. காலையில ஒரு ஸ்பூன், ராத்திரி ஒரு ஸ்பூன். நான் சொல்றத கேளு.”

கேட்டார். சொன்னால் நம்பமாட்டீர்கள், மூன்றாம் நாள் ஆறு மணிக்குக் காய்ச்சல் வரவில்லை. அந்த வாரமே மணிக்கட்டு வீக்கம் வடிந்தது. சபாபதி துள்ளிக் குதித்தார். பசி எடுத்தது என்றால் அப்படி ஒரு பசி. காலையில் நாலு ரொட்டி சானாய் போதவில்லை. முகம் தளதளவென்று உருண்டது. பிடரிக்குக் கீழே கொழுப்பு மேடு கட்டியதைக் கஸ்தூரி கண்ணாடி பிடித்துக் காட்டினாள்; அதுவும் செழிப்புதான் என்றார். “பாஸ், செழிப்பா ஆயிட்டீங்க,” என்று வாடிக்கையாளர்கள் சொன்னால், எதிர்க் கண்ணாடியில் தன்னையே பார்த்துப் பூரித்துக்கொள்வார். ஸ்டீராய்டு இல்லாமலே ஜெயித்துவிட்டேன் என்று ரகசியமாக ஒரு பெருமை வேறு.

டாக்டர் ரூபினியிடம் மறுபடி போனபோது, “மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா அண்ணா?” என்று கேட்டார். கஸ்தூரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “சாப்பிடுறேன் டாக்டர்,” என்றார். காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, முகம் உருண்டிருக்கிறது. மாத்திரை சாப்பிட்டால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தார். டாக்டர் என்ன சந்தேகப்பட முடியும்? மாத்திரை அளவை மெதுவாகக் குறைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

உடம்பு தேறியதற்கு முருகனுக்கு நன்றி சொல்ல வேண்டாமா? தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டார் சபாபதி. விரதம் என்றால் கஸ்தூரி வீட்டில் நீதிபதி ஆகிவிடுவாள். முட்டை வெளியே போனது, சார்டின் டப்பாக்கள் பக்கத்து வீட்டுக்குப் போயின, புதுச் சட்டி பானை வந்தது. கேக்கில் முட்டை இருக்கிறதா, பிஸ்கட்டில் என்ன கொழுப்பு என்று அலமாரியில் ஒவ்வொரு பொட்டலமாக எடுத்துப் படித்தாள். அந்த வரிசையில் பவுடர் டப்பாவும் அவள் கையில் சிக்கியது.

“என்னங்க, இதுல கமாட்னு போட்டிருக்கு. படம் வேற போட்டிருக்கான். கமாட்னா கடல் அட்டைதானே? அது உசுருள்ளதுதானே? அட்டையத் தின்னுட்டு முருகனுக்குப் பால்குடம் தூக்குவீங்களா?”

“மருந்துக்கு ஏதுடி விரதம்?”

“மருந்துக்கு ஆஸ்பத்திரி மாத்திரை இருக்குல்ல. அது போதாதா?”

பேச்சில் சபாபதியை மடக்கினவர்கள் சிகாமட்டில் யாரும் கிடையாது. அன்றைக்குத் தன் பொய்யே தன்னை மடக்கிவிட்டது. இழுப்பறையில் கிடக்கிற மாத்திரையைப் பற்றி எந்த முகத்தோடு சொல்வார்? கஸ்தூரி டப்பாவை மூடி பரணில் தோசைக்கல் இருந்த இடத்தில் வைத்துவிட்டாள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் எழுந்து நின்ற மனுஷன் அப்படியே சரிந்தார். வாந்தி, தலை சுற்றல், கை கால் துணியாய்த் துவண்டது. முந்தின நாள் சாயங்காலமே பழைய காய்ச்சல் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்திருந்தது. மணிக்கட்டு இரண்டும் வீங்கிப் போயின. “விரதத்துல ஏதோ குத்தம் நடந்திருக்கு,” என்று கஸ்தூரி ஆம்புலன்சில் அழுதுகொண்டே வந்தாள். புதுச் சட்டியில் யாரோ மீன் ஆக்கிவிட்டார்களோ என்றுகூட யோசித்தாள், பாவம்.

வார்டில் ஊசி ஏறிக் கண் விழித்தபோது டாக்டர் ரூபினி கட்டில் பக்கத்தில் நின்றார். “அண்ணா, நல்லா இருந்தீங்க. திடீர்னு என்ன மாறுச்சு?”

“விரதம் இருக்கேன் டாக்டர்.”

“விரதத்துக்கு என்னென்ன விட்டீங்க?”

“கோழி, மீன், முட்டை, நண்டு... பீர்,” என்றார், கடைசியைக் கொஞ்சம் மெதுவாக.

“பவுடர்,” என்றாள் கஸ்தூரி.

“என்ன பவுடர்?”

“கமாட் போட்டது டாக்டர். அது அசைவமாச்சே. அதான் நான் நிறுத்திட்டேன்.”

டாக்டர் ரூபினி கையிலிருந்த ஃபைலை மூடினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பவுடர் எங்கே வாங்கியது, எவ்வளவு நாளாக, மாத்திரை என்ன ஆனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சபாபதி சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சீப்புகளுக்கு அடியில் கிடக்கிற மாத்திரைக் கதையைக் கேட்டுக் கஸ்தூரிக்கு வந்த கோபம் இருக்கிறதே, ஊசி ஏறிக்கொண்டிருந்ததால் அவர் தப்பித்தார்.

“அண்ணா, அந்தப் பவுடரச் சோதனைக்கு அனுப்புறேன். ஆனா இப்பவே சொல்றேன், அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும். இந்த மாதிரி நான் நிறையப் பாத்திருக்கேன். நீங்க யாருக்குப் பயந்து ஓடுனீங்களோ, அவன் வேற சட்டை போட்டுக்கிட்டு உங்க வீட்டு அலமாரியிலயே உக்காந்திருந்திருக்கான். நான் கொடுத்ததுலயாவது அளவு இருந்துச்சு.”

சபாபதிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. “அப்ப நான் ஜெயிக்கலியா டாக்டர்?” என்று கேட்டார். கேட்கிற கேள்வியைப் பாருங்கள்!

“உங்க ஊர்ல ஆறு பொங்குனா சைரன் அடிப்பாங்கல்ல?” என்றார் டாக்டர்.

“ஆமா. உடனே சாமானெல்லாம் மேல தூக்குவோம்.”

“உங்க உடம்புல அந்த சைரன் கெட்டுப் போயிருக்கு. ஆத்துல தண்ணியே ஏறல. ஆனா ஆறு மணியானா சைரன் கத்துது. உடம்புல இருக்கிற அத்தனை பேரும் நெசமாவே வெள்ளம்னு நெனச்சி ஓடுறாங்க, கதவ ஒடைக்கிறாங்க, சாமான வீசுறாங்க. கிருமி எதுவும் இல்ல. வெள்ளம் பண்ணாத சேதத்த ஓடுறவங்க பண்ணிடுறாங்க. அந்த வீக்கமும் காய்ச்சலும் அதுதான். ஸ்டீராய்டுங்கிறது சைரன் வாயில துணிய அடைக்கிற மாதிரி. சத்தம் அடங்கும். ஆனா ரொம்ப நாள் அடைச்சா மத்ததெல்லாம் கெடும். திடீர்னு துணியப் பிடுங்குனா, நீங்க விழுந்தீங்களே, அப்படித்தான். உடம்பு தானா செய்ய வேண்டிய ஸ்டீராய்டச் செய்யவே மறந்து போயிருக்கும்.”

“அப்ப சைரனையே ரிப்பேர் பண்ண முடியாதா?”

“அந்த சைரனுக்குப் போற ஒயர மட்டும் பாத்துத் துண்டிக்கிற ஊசி இருக்கு. மாசத்துக்கு ஒண்ணு. போட்டுப் பாக்கலாம். ஆனா இனிமே எங்கிட்ட பொய் சொல்லக் கூடாது.”

“முருகன் மேல சத்தியமா சொல்ல மாட்டேன்,” என்றார். நோய் வந்து அத்தனை மாதத்தில் தன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. யாரோ செய்வினை வைத்ததும் இல்லை, சாமி குற்றமும் இல்லை, தன் ரத்தத்தில் அழுக்கும் இல்லை. ஒரு சைரன் கெட்டுப் போயிருக்கிறது. சைரன் கெட்டால் சரி பண்ண ஆள் வருவார்கள். அந்த ராத்திரி காய்ச்சலோடேயே நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த வருஷம் பால்குடம் எடுக்க முடியவில்லை. மாதா மாதம் ஜோகூர் பாருவுக்கு பஸ் ஏறினார், ஊசி போட்டுக்கொண்டார். ஸ்டீராய்டை டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். உருண்ட முகம் வடிந்தது. மணிக்கட்டு மெதுவாக, ரொம்ப மெதுவாக மடங்க ஆரம்பித்தது. முதலில் கத்தரி, பிறகு மெஷின். சவரக்கத்தியை மட்டும் தொடவில்லை. எத்தனையோ பேர் கேட்டார்கள். “இன்னும் நாள் இருக்கு,” என்று மழுப்பினார். கை வந்துவிட்டது, நம்பிக்கைதான் வரவில்லை. அடுத்தவன் கழுத்தில் கத்தி வைக்கிறவனுக்கு அது இல்லாவிட்டால் அவன் வேறு எதற்கு ஆவான்?

பவுடரில் ஸ்டீராய்டு இருக்கிறது என்ற சோதனை முடிவைச் சுகுமாறனுக்குப் போனிலேயே சொல்லிவிட்டார். அவன் குதித்தான். “என் பவுடர் இல்லாட்டி நீ அப்பவே கடைய மூடியிருப்படா! நன்றி கெட்டவனே!” என்று திட்டிவிட்டு வைத்துவிட்டான். பல வாரம் பேச்சில்லை. சபாபதிக்கு மனசு கேட்கவில்லை, ஆனால் ரோஷம் விடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், சுகுமாறன் வந்தான். நேராக நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தான். நாலு நாள் தாடி. “சேவ் பண்ணி விடு,” என்றான்.

“நான் இப்ப கத்தி பிடிக்கிறதில்ல.”

“எனக்குப் புடி. அறுத்தாலும் அறு. தப்பு எம்மேலதான்.”

சபாபதி புது பிளேடைச் செருகி, சோப்பைக் குழைத்துப் பூசினார். முதல் இழுப்புக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வலிக்கவில்லை. இடது கன்னம் முழுக்கச் சுத்தமாக வந்தது. தலையைத் திருப்பப் பிடரியில் கை வைத்தபோதுதான் விரல் நின்றது. பிடரிக்குக் கீழே கொழுப்பு மேடு கட்டியிருந்தது. கஸ்தூரி அவருக்குக் கண்ணாடி பிடித்துக் காட்டிய அதே மேடு. கன்னத்தின் உருட்டலும் அதேதான். முகம் வேறு வெளிறி, நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

“பவுடர் இன்னும் சாப்பிடுறியாடா?”

“எல்லாத்தையும் ஆத்துல கொட்டிட்டேன். இருந்த ஸ்டாக் பூரா. எனக்கு வித்தவன் போனே எடுக்க மாட்டேங்கிறான். எத்தன பேருக்குடா வித்திருப்பேன்...” கழுத்துத் துணியின் நுனியால் கண்ணைத் துடைத்தான். “நானும் நிறுத்திட்டேன். மூணு நாளாச்சி. இனிமே செத்தாலும் தொட மாட்டேன்.”

“வாந்தி வருதா?”

“காலையிலேருந்து. தலையும் சுத்துது. வெயில்னு நெனக்கிறேன்.”

“வெயிலுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. எந்திரி!”

சோப்பு முகத்தோடு, கழுத்தில் துணியோடு அவனைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினார். கடையைப் பூட்டக்கூட இல்லை. “விடுடா, பாதி முகம்டா, சனம் சிரிக்கும்டா,” என்று முனகிக்கொண்டே வந்தவன், ஆஸ்பத்திரி வாசலில் காலை ஊன்றும்போது துவண்டு விழுந்தான். “ஸ்டீராய்டு கலந்த பவுடர் சாப்பிட்டவன், மூணு நாளா டக்குனு நிறுத்திட்டான்!” என்று சபாபதி மலாயிலும் தமிழிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிக் கத்தினார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் அவர்களுக்கு என்ன ஊசி போடுவது என்று தெரிந்துவிட்டது. வெயில் மயக்கம் என்று வீட்டில் படுக்க வைத்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டான் என்று பிறகு டாக்டர் சொன்னபோது, சபாபதி முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நல்லவேளை, நாம் விழுந்து எழுந்து படித்த பாடம் இவனுக்காவது ஆனதே என்று நெஞ்சு நிறைந்துபோனது.

மறுநாள் காலை சவரச் சாமான் பையோடு வார்டுக்குப் போனார். சுகுமாறன் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். ஒரு கன்னம் பளபளவென்று, மறு கன்னம் ஐந்து நாள் தாடியோடு. வார்டில் நர்ஸ்கள் எல்லாம் அவனைப் பார்க்க ஒரு சாக்கு வைத்துக்கொண்டு வந்து போனார்கள். சபாபதி தலைமை நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, திரையை இழுத்துவிட்டு, சோப்பைக் குழைத்தார்.

கத்தி தொண்டையருகே வந்ததும் சுகுமாறன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். “டேய், கை நடுங்குதாடா?”

“நடுங்குறது உன் கழுத்துடா. பேசாம படு,” என்றார் சபாபதி.